எது அகலம்? இலையா, மரப்படிக்கட்டா, பயிற்சித்தாளா: மலைப்பள்ளிக்கு ஓர் அலசல்

நீளமான ஒல்லி ரிப்பன் ஒன்று, குட்டையான பட்டை ரிப்பன் ஒன்று. இரண்டையும் நான்கு வயதுப் பிள்ளை முன்னால் போட்டு "எது அகலம்?" என்று கேட்டால், பெரும்பாலும் கை நீளமானதைத்தான் தொடும். பிள்ளையின் காதில் "எது பெருசு?" என்றே கேள்வி விழுந்திருக்கிறது. அகலம் சொல்லித்தர எந்த முறையை எடுத்தாலும் நாம் பார்க்க வேண்டியது இதைத்தான்: நீளத்தையும் அகலத்தையும் அது பிரித்துக் காட்டுகிறதா, சேர்த்துக் குழப்புகிறதா?

அந்தக் கணக்கில் நீலகிரிக்காரர்களுக்கு வாசலிலேயே ஒரு பாடப்பொருள் கிடக்கிறது: கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலை. கன்றிலும், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து கிளம்பும் துளிரிலும் இலை அகலமாக, வெளிர்நீலப் பூச்சோடு, காம்பில்லாமல் எதிரெதிராக இருக்கும். வளர்ந்த மரத்தின் இலையோ அரிவாள்போல நீண்டு ஒடுங்கிவிடும். ஒரே மரம், ஆனால் குட்டை இலைதான் அகலம், நெட்டை இலை ஒடுக்கம். ஒல்லி இலையை அகல இலையின் மேல் வையுங்கள். அகலமான இடம் அகலமான இடத்தின் மேல் வரட்டும். மேலே எட்டிப் பார்ப்பது ஒல்லி இலையின் நுனி, அது நீளம். இரண்டு பக்கமும் எட்டிப் பார்ப்பது அடியில் உள்ள இலை, அது அகலம். பிள்ளையின் விரலைப் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை குறுக்காக ஓட்டச் செய்தால் "குறுக்கே" என்பது கைக்குப் புரிந்துவிடும். அன்றே பறித்த இலையாக இருக்கட்டும். காய்ந்தால் ஓரம் சுருண்டு, அகல இலையே ஒல்லியாகிவிடும்.

இலையின் குறை, வித்தியாசம் நம் கையில் இல்லை என்பது. நுனி ஒரு அகலம், நடு ஒரு அகலம் என்று வேறு இருக்கும். அதனால் அடுத்த படி அட்டைப் பட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். முதல் செட்: எல்லாமே 12 செ.மீ. நீளம், அகலம் 2, 4, 6 செ.மீ. நீளம் மாறாததால் கண்ணுக்கு வேறு வேலை இல்லை. இரண்டாவது செட்டில் வேண்டுமென்றே எதிராக வெட்டுங்கள்: 2 செ.மீ. பட்டை 20 செ.மீ. நீளம், 6 செ.மீ. பட்டை வெறும் 10 செ.மீ. நீளம். இதில் தடுமாறினால் முதல் செட்டுக்குத் திரும்புங்கள். 3, 3.5, 4 செ.மீ. என்ற நுணுக்கமான செட் கடைசியில்தான். பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும்போது ஒரு பக்க ஓரம் சேர்ந்தே இருக்க வேண்டும். புத்தகத்தின் விளிம்பில் முட்டவைத்தால் நகராது. ஜூன், ஜூலை மழையில் அட்டை நமுத்து வளைந்துவிடும். மூடியுள்ள பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் ஃபைல் உறையில் வெட்டிக்கொள்ளுங்கள்.

இதோடு ஒரு 'தபால்பெட்டி' செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காலி அட்டைப்பெட்டியில் 2.2, 4.2, 6.2 செ.மீ. அகலத்தில் மூன்று வாய்கள், ஒவ்வொன்றும் அரை செ.மீ. உயரம். அந்த 2 மில்லிமீட்டர் தளர்வு இல்லாவிட்டால் சரியான பட்டையும் சிக்கும். பிள்ளை தன் பதில் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். 20 செ.மீ. நீளப் பட்டை சின்ன வாயில் சரசரவென்று உள்ளே போகும். குட்டைப் பட்டை அதே வாயில் முட்டிக்கொண்டு நிற்கும். இதைவிடத் தெளிவாக யாரும் வாயால் விளக்க முடியாது. பட்டை விறைப்பாக இருப்பது முக்கியம். துவண்டால் வளைத்து நுழைத்துவிடுவார்கள்.

மாண்டிசோரி வகுப்புகளின் பழுப்புப் படிக்கட்டு பெயர் பெற்ற சாதனம். பத்து மரத்துண்டுகள், எல்லாம் 20 செ.மீ. நீளம், குறுக்குவெட்டு 1 செ.மீ. சதுரத்தில் தொடங்கி 10 செ.மீ. சதுரம் வரை. ஒரு துண்டு இடம் மாறினாலும் படி இடிக்கும், பிள்ளையே திருத்திக்கொள்ளும். வரிசைப்படுத்தப் பழக்குவதில் இதற்கு ஈடில்லை. ஆனால் சதுரம் என்பதால் அகலம் கூடக் கூட உயரமும் கூடுகிறது, எடையும் கூடுகிறது. கடைசித் துண்டு முதல் துண்டைப்போல நூறு மடங்கு கனம். பிள்ளை கற்பது தடிமன். அகலத்தை மட்டும் பிரித்துக் காட்ட இது உதவாது. வகுப்பில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காகக் காசு செலவழித்து வாங்க வேண்டாம்.

பயிற்சித்தாள் பற்றிச் சுருக்கமாக: இரண்டு படங்களில் ஒன்றுக்கு வட்டமிடச் சொன்னால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பாதி சரியாகும். மூன்று படம் வைத்து 'நடுத்தரம் எது' என்று கேளுங்கள். ஐந்து வயதுக்கு முன் வேண்டாம்.

சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைக்கு அகலம் என்றால் 'வீதி'. நமக்கோ வீதி தெரு. கன்னடம் பேசும் பிள்ளைக்கு 'அகல' ஏற்கெனவே தெரிந்த சொல். முதல் வாரம் பட்டை, ஒல்லி என்றே பேசுங்கள், கையைக் குறுக்கே விரித்துக் காட்டுங்கள். அகலம், குறுகல் பிறகு வரட்டும்.

பெரிய அளவில் காட்ட மலை ரயில் இருக்கிறது. ஊட்டி ரயில் ஓடுவது மீட்டர் பாதை, தண்டவாளங்களுக்கு இடையே 1,000 மி.மீ. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரும் ரயில் அகலப்பாதை, 1,676 மி.மீ. பள்ளி முற்றத்தில் இரண்டையும் சாக்பீஸால் ஒரே நீளத்துக்கு வரையுங்கள் (நிஜத் தண்டவாளத்துக்கு அழைத்துப் போகாதீர்கள்). ஐந்து வயதுப் பிள்ளை குனிந்து கைகளை விரித்தால் மீட்டர் பாதையின் இரண்டு கோடும் ஏறக்குறைய எட்டும். அகலப்பாதைக்கு இன்னொரு பிள்ளை வேண்டும்.

நகர்த்த முடியாத பொருள்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. 'இந்த பீரோ இந்த வாசலில் நுழையுமா?' என்பதற்குக் காகித நாடாதான் வழி, அதுவும் ஒன்றாம் வகுப்புக்கு. செய்தித்தாளை நீளவாக்கில் கிழித்து ஒட்டி, வாசலின் இந்த நிலையிலிருந்து அந்த நிலை வரை பிடித்து அளவுக்குக் கிழிக்க வேண்டும். கம்பளி நூல் மலையில் வீட்டுக்கு வீடு கிடைக்கும், ஆனால் இழுத்த இழுப்புக்கு நீளும், இதற்கு ஆகாது. வழக்கமாக நடக்கும் தப்பு நாடாவைச் சாய்த்துப் பிடிப்பது. சாய்ந்தால் நாடா நீளமாகிவிடும், நுழையாத பீரோவும் நுழையும் என்று பதில் வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைத் தங்கள் இடுப்பு உயரத்தில் பிடிக்கட்டும், மூன்றாவது பிள்ளை தள்ளி நின்று நாடா மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும்.