விரல்ல மாட்டுற ஒக்சிஜன் மெஷின்: மலநாட்டுக் குளிர்ல சரியா காட்டுதா?

அப்பாயிக்கு மூச்சு வருத்தம், காலம் பூரா வெறகடுப்புப் புகைலயே கெடந்தவங்க, க்ளினிக்ல டொக்டர் வீட்டுல ஒன்னு வச்சிக்கங்கன்னு சொன்னாரு, அதான் ஹட்டன் டவுன்ல ஒரு பாமசில மூவாயிரத்துச் சொச்சம் ரூபா குடுத்து இந்த பல்ஸ் ஒக்சிமீட்டரை வாங்குனோம். கம்பெனி பேரெல்லாம் எழுதல, டவுன்ல கெடைக்கிறது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாமான்தான், ஸ்டிக்கர்தான் வேற.

மொதல்ல நல்லத சொல்லிடுறேன். பட்டன் ஒன்னுதான், அப்பாயியே அமுக்கிக்கிறாங்க. நம்பர் பெருசா தெரியுது. மேல இருக்குறது எஸ்.பி.ஓ.2, அதாவது ரத்தத்துல ஒக்சிஜன் எத்தன வீதம் ஏறியிருக்குன்னு, கீழ இருக்குறது நிமிசத்துக்கு நெஞ்சு எத்தன தடவ அடிக்குதுன்னு. சும்மா உக்காந்திருக்கப்ப 60லருந்து 100 வரைக்கும் துடிப்பு சாதாரணம்.

இவ்ளோண்டு சாமான் ஊசியே குத்தாம எப்பிடி கண்டுபுடிக்குதுன்னு கேட்டா, ரெண்டு வெளிச்சம். ஒன்னு 660 நானோமீட்டர் செவப்பு, இன்னொன்னு கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் இன்ஃப்ராரெட். ரத்தத்துல ஒக்சிஜன சொமக்குறது ஹீமோகுளோபின், அதுல ஒக்சிஜன் ஏறுனது செவப்ப நல்லா விட்டுரும், ஒக்சிஜன் இல்லாதது அத முழுங்கிரும், இன்ஃப்ராரெட்ல கத அப்பிடியே தலகீழ். ஆனா விரல்ல தோலு, எலும்பு, நாளத்துல திரும்பிப் போற ரத்தம்னு எல்லாமே வெளிச்சத்த தடுக்குமே? நெஞ்சு ஒரு அடி அடிக்கிறப்ப நாடில கொஞ்சம் ரத்தம் கூடி வருது, அந்த ஏறி எறங்குற பகுதிய மட்டும் பிரிச்சு எடுத்தா அது சுவாசப்பைலருந்து புதுசா வந்த ரத்தத்தோட கணக்கு. இத யோசிச்சவரு ஜப்பான்காரரு, தகுவோ அவோயாகி, 1974லயே. மனுசனுக்கு ஒரு கும்புடு போடலாம்.

துடிப்ப வச்சிதான் கணக்குங்கிறதால நம்ம ஊர்க் குளிர்ல இது சறுக்குது. காலைல பீலில மொகம் கழுவிட்டு வந்த கையோட மாட்டுனா 87ன்னு காட்டும், துடிப்பு வேற கண்டபடி ஓடும், வீடே பதறிப் போயிரும். குளிர்ல விரல் ரத்தக்கொழாய் எல்லாம் சுருங்கிக்கிது, ஒடம்பு சூட்ட உள்ளயே வச்சிக்கப் பாக்குது, விரலுக்கு ரத்தம் கொறஞ்சா மெஷினுக்கு துடிப்பு புடிபடாது. பிளேன்டீ கோப்பைய ரெண்டு கையாலயும் கொஞ்ச நேரம் புடிச்சிருந்துட்டு மறுபடி மாட்டுனா அதே விரல்ல 95. கைய ஆட்டாம மடில வச்சி, நம்பர் ஒரு எடத்துல நிக்கிற வரைக்கும் பொறுங்க, மொதல்ல வர்ற நம்பர எழுதாதீங்க. நெகப்பூச்சு இருந்தா அழிச்சிருங்க.

கொழும்புல இருக்குற மாமா ஃபோன்ல எனக்கு 99 காட்டுதே அங்க மட்டும் ஏன் கொறையுதுன்னு ஒரே கேள்வி. நுவரெலியா டவுன் 1,868 மீட்டர் ஒசரம், காத்துல ஒக்சிஜன் இங்கயும் அதே 21 வீதம்தான், ஆனா காத்தோட அழுத்தம் கடக்கரைல இருக்குறதுல அஞ்சுல நாலு பங்குதான், அதனால சுவாசப்பைல ரத்தத்துக்குள்ள தள்ளுற வேகமும் கொறையும். ரெண்டு மூனு கொறைவா காட்டுனா அதுக்காக பயப்புட வேணாம். மூச்சு வருத்தக்காரங்களுக்கு டொக்டர் தனியா ஒரு அளவு சொல்லியிருப்பாரு, அவங்க அதத்தான் பாக்கணும்.

எனக்கு கோவம் மெஷினோட பெட்டிக்குள்ள வந்த துண்டுச்சீட்டு மேல. எழுதவேண்டியத ஒன்னும் எழுதல. இது காட்டுறது வீதம் மட்டும்தான், அளவு இல்ல. கொழுந்து லொறி நெறஞ்சிருக்கான்னு சொல்லும், மொத்தம் எத்தன லொறி ஓடுதுன்னு சொல்லாது. ரத்தசோகைல ஹீமோகுளோபின் பாதியா எறங்கியிருந்தாலும் இருக்குறதுல ஒக்சிஜன் நெறஞ்சிருந்தா 98தான் காட்டும், மலைல ஏறுறப்ப மேல்மூச்சு வாங்குற பொம்பளைங்க 98 இருக்கேன்னு விட்டுறாதீங்க, ரத்தம் குடுத்து டெஸ்ட் பண்ணுங்க.

அதவிட மோசம் புகை. கதவ சாத்திட்டு லயத்துக்குள்ள கரி மூட்டுனா வர்ற கார்பன் மொனொக்சைட் ஹீமோகுளோபின்ல ஒக்சிஜனோட எடத்துலயே போயி ஒட்டிக்கும், அதுவும் ஒக்சிஜனவிட 200 மடங்குக்கு மேல பலமா. மெஷினுக்கு ரெண்டும் ஒரே செவப்பு. ஆளு மயங்கிக் கெடப்பாரு, மெஷின் 99ன்னு சிரிச்சிக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல மெஷின தேடாதீங்க, கதவத் தொறந்து ஆள வெளில தூக்குங்க.

மாரடைப்புக்கும் இத நம்பக்கூடாது. நெஞ்சோட தசைக்கு ரத்தம் போறது பெருநாடி ஆரம்பத்துலருந்தே பிரியிற முடியுருநாடி வழியா, அதுல ரத்தம் கட்டி அடச்சா தசை சாவும், ஆனா விரலுக்குப் போற ரத்தத்துல ஒக்சிஜன் நெறஞ்சே இருக்கலாம். நெஞ்சு இறுக்கி வேர்த்துக் கொட்டுதுன்னா 98ஓ 99ஓ, உடனே 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசு கேக்காது.

இன்னொன்னு, நம்மள மாதிரி கறுத்த தோலுல இந்த மெஷின் சில நேரம் உள்ளதவிட கூட்டிக் காட்டும்னு ஆராய்ச்சிலயே வந்திருக்கு. அதனால அப்பாயி மூச்சு வாங்குறத கண்ணாலயும் பாக்குறோம், பேசுறப்ப வசனம் பாதில நிக்கிதா, ஒதடு நீலமாகுதான்னு.

மூச்சு வருத்தக்காரங்க இருக்குற வீட்டுக்கு வாங்கலாம், சும்மா இருக்குற ஆளுங்க வாங்கி அரமணிக்கொரு தடவ மாட்டி மனச கெடுத்துக்க வேணாம். அஞ்சுக்கு மூனர மார்க் போடுவேன். கடைல உங்க விரல்ல மாட்டிப் பாத்துட்டே காச குடுங்க, பெட்டரி மூடி தொளதொளன்னு இருந்தா வேற கேளுங்க, எங்களுது இப்ப ரப்பர் பேண்ட் போட்டுத்தான் நிக்கிது.