ஆன்டிகனி ஒலி நாடகம்: கிரியோனுக்காகவே கேட்கலாம்

பழங்கால கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’யை ஒரு ஒலிநூல் செயலியில் முழு நாடகமாகவே நடித்துப் போட்டிருக்கிறார்கள். கூடவே பேராசிரியர் ஒருவரின் விளக்கவுரையும் உண்டு. நாடகத்துக்கு ஐந்துக்கு நான்கரை தாராளமாகக் கொடுக்கலாம். உரைக்கு இரண்டுக்கு மேல் மனசு வரவில்லை.

கதை தெரியாதவர்களுக்கு: தீப்ஸ் நகர ஆட்சிக்காக அண்ணன் தம்பி அடித்துக்கொண்டு இருவருமே சாகிறார்கள். ஊரைக் காத்தவனுக்கு மரியாதையோடு அடக்கம். படை திரட்டி வந்த பாலிநைசிஸ் நாய்க்கும் பறவைக்கும் இரை, புதைப்பவருக்கு மரணம். ஆணையிட்டவன் புது மன்னன் கிரியோன், இவர்களின் தாய்மாமன். தங்கை ஆன்டிகனி அண்ணன் பிணத்தின் மேல் மண் தூவி, அடக்கச் சடங்கைச் செய்துவிடுகிறாள்.

ஆணைகளுக்கு வரைவு எழுதியே வேலைக்காலத்தைக் கழித்தவன் நான். அதனால் என் காது கிரியோன் பக்கமே போனது. இதில் நடித்தவர் கத்தவே இல்லை. நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை நான் மதிப்பதில்லை என்று அவர் நிதானமாகச் சொல்லும்போது, சரிதானே என்று தலையாட்டத் தோன்றுகிறது. ஏதென்ஸ்காரர்களும் ஆட்டியிருக்கிறார்கள். கி.மு. 343இல் அந்நகரப் பேச்சாளர் டெமாஸ்தனிஸ், தன் அரசியல் எதிரி ஈஸ்கினிஸ் மீது தொடுத்த வழக்கில் இந்த வசனத்தையே நீதிமன்றத்தில் வாசிக்க வைத்தார். ஈஸ்கினிஸ் முன்பு மேடையில் கிரியோனாக நடித்தவர் என்பதால் குத்தல் இரட்டிப்பு!

துரோகிக்குத் தன் மண்ணில் இடமில்லை என்பது ஏதென்ஸிலும் சட்டம்தான். ஆனால் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வழி இருந்தது. கிரியோன் அந்தக் கதவையும் சாத்திவிடுகிறான். தானும் புதைக்க மாட்டான், யாரையும் புதைக்க விடவும் மாட்டான். கீழுலகத் தெய்வங்களுக்குச் சேர வேண்டியதை மேலேயே பிடித்து வைத்துக்கொள்கிறான். அரசாணை தன் எல்லையைத் தாண்டும் இடம் இதுதான். விளக்கவுரையில் இதைப்பற்றி மூச்சே இல்லை.

காவலன் காட்சி பிரமாதம். பிணத்தின் மேல் யாரோ மண் தூவியதை மன்னனிடம் யார் போய்ச் சொல்வது என்று சீட்டுப் போட்டு மாட்டிக்கொண்டவன், வந்ததும் முதலில் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுகிறான். அடுத்த முறை பிணத்தின் மேலிருந்த மண்ணைத் துடைத்துவிட்டு, நாற்றம் படாத பக்கமாகக் குன்றின் மேல் உட்கார்ந்ததைச் சொல்கிறான். உடனே சூறைக்காற்று. இங்கேதான் ஒலிப்பதிவாளர் கெடுத்துவிட்டார். காலிக் கூட்டைக் கண்ட பறவைபோல ஆன்டிகனி அலறியதை அவன் சொல்வது காற்றிரைச்சலில் பாதிதான் கேட்கிறது.

“இதை எனக்கு அறிவித்தவர் ஜீயஸ் இல்லை” என்று தெய்வங்களின் தலைவனைக் காட்டி ஆணையை மறுக்கும் வசனத்தை ஆன்டிகனியாக நடித்தவர் சாதாரணமாக, தெரிந்த விவரத்தைச் சொல்வதுபோல் சொல்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. கிரியோனின் மகனும் ஆன்டிகனிக்கு நிச்சயிக்கப்பட்டவனுமான ஹேமனும் நன்று. “ஒரே ஆளுக்குச் சொந்தமென்றால் அது ஊரே இல்லை, அப்பா” என்பதில் மரியாதையும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது.

அப்புறம் அந்தத் திருத்தம். முதலில் அறிவித்த தண்டனை கல்லெறிந்து கொல்வது. பிறகு அது பாறைக்குகையில் உயிரோடு அடைப்பதாக மாறுகிறது, கொஞ்சம் உணவும் வைத்து. ஊருக்குப் பழி ஒட்டக்கூடாதாம்! தெய்வத்துக்குப் பயப்படுகிறான், ஆணையையும் விட மாட்டேன் என்கிறான். இப்படிப்பட்ட திருத்தங்களை நான் நிறையவே தட்டச்சு செய்திருக்கிறேன். கடைசியில் மனம் மாறும்போதும், முதலில் பெண்ணை விடுவி, பிறகு பிணத்தை அடக்கு என்று ஊர்ப் பெரியவர்களின் குழுவான கோரஸ் சொல்ல, இவன் வரிசையை மாற்றிச் செய்கிறான். குகைக்குப் போகும்போது அவள் தூக்கில் தொங்குகிறாள்.

பெரிய குறை ஒரு வெட்டு. கணவனோ பிள்ளையோ இறந்திருந்தால் ஊரை எதிர்த்து இதைச் செய்திருக்கமாட்டேன், தாய் தந்தை இல்லாததால் இன்னொரு சகோதரன் பிறக்க வழியில்லையே என்று ஆன்டிகனி சொல்லும் வரிகள் இதில் இல்லை. ஜெர்மன் கவிஞர் கதேவுக்கே பிடிக்காத வரிகள் அவை. இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் தேவலை என்றார். ஆனால் அரிஸ்டாட்டில் காலத்திலேயே அவை நாடகத்தில் இருந்தன. தெய்வச் சட்டம் எல்லாப் பிணத்துக்கும் பொது என்றால் அவள் ஏன் ஆள் பார்க்கிறாள்? அந்த உறுத்தலை நீக்கியதும் அவள் கொஞ்சம் சிலையாகிவிடுகிறாள்.

உரைக்காரருக்கு அந்தச் சிலைதான் வேண்டும் போலிருக்கிறது. மனசாட்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் சண்டை என்று கடைசிவரை ஓட்டுகிறார். கிரியோனும் ஜீயஸைச் சாட்சிக்கு அழைத்துத்தான் ஆட்சியைத் தொடங்குகிறான் என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. உரை தனிக் கோப்பாக இருப்பதால் தொடாமலே விடலாம். நாடகம் மட்டும் காட்சிவாரியாகப் பிரிக்கப்படாமல் ஒரே கோப்பாக இருக்கிறது. ஹேமன் காட்சியை மறுபடி கேட்க வேண்டுமென்றால் விரலால் தள்ளித் தள்ளித்தான் தேட வேண்டும்.