ரீபண்டில் 20 பர்சன்ட் கேட்கிறவரிடம் ஃபார்ம் 16-ஐக் கொடுக்காதீர்கள்: 72 ஆயிரம் போச்சு

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு என் தங்கச்சி வீட்டுக்காரர் பெயரில் ஒரு வருமான வரிச் செலான் கட்டினோம். ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்துச் சொச்சம். அதில் 62,400 அரசாங்கத்துக்குச் சேர வேண்டியதுதான், அதைப் பற்றிப் பேச்சில்லை. மிச்சத்தையும், முன்னாடியே ஏஜென்ட் வாங்கிக்கொண்ட கமிஷனையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 72 ஆயிரம். சுத்தமாகப் போன காசு. வயிறு எரிகிறது, வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைப் பெயர் போடவில்லை. சென்னைக்கு அருகே ஒரகடம் தொழிற்பேட்டைப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வகைக் கடை தெரியும். ஜெராக்ஸ் மெஷின், ஆதார் திருத்தம், பான் கார்டு போர்டு, ஜூன் ஜூலையில் மட்டும் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ்: ‘பிடித்த டிடிஎஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும்’. டிடிஎஸ் என்றால் சம்பளத்திலேயே கம்பெனி பிடித்துக் கட்டும் வரி.

நடந்தது 2023 ஜூலையில். கேன்டீனில் ஒருத்தர் போன வருஷம் தனக்கு 48 ஆயிரம் வந்த பேங்க் மெசேஜைக் காட்டியிருக்கிறார். அதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? மாப்பிள்ளையும் போயிருக்கிறார். ஏஜென்ட் சொன்னது இதுதான்: “தம்பி, இதெல்லாம் கவர்ன்மென்ட்டே குடுக்குற சலுகை. கம்பெனிக்காரன் சொல்ல மாட்டான். ரீபண்ட் வந்தா இருபது பர்சன்ட் குடுங்க, வரலைன்னா ஒரு ரூபா வேண்டாம்.” அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விழுந்தார். வேலை முடிந்து பணம் வந்தபிறகு கூலி கேட்கிறவன் எப்படி ஏமாற்றுவான் என்று நினைப்பு. ஃபார்ம் 16 (சம்பளத்துக்கும் பிடித்த வரிக்கும் கம்பெனி தரும் சான்று), பான், ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், எல்லாம் கைமாறிவிட்டது. நாலு நாள் கழித்து போன்: “ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க.” ஷிப்டு நடுவில் கையுறையைக் கழற்றிவிட்டு ஓடிபியைப் படித்துச் சொன்னார்.

அந்த ஆறு எண்தான் கையெழுத்து. இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி கொடுத்தவர் மாப்பிள்ளை. ஏஜென்டின் பெயர் அந்த ரிட்டர்னில், அதாவது தாக்கல் செய்த வரிக் கணக்கில், எங்கேயும் கிடையாது.

கணக்கைப் பாருங்கள். 2022-23 சம்பளம் 9,40,000. நிலையான கழிவு 50,000, தொழில்வரி 2,500, 80சி பிரிவில் பி.எஃப்., எல்ஐசி எல்லாம் சேர்த்து 1,50,000. மீதி 7,37,500. பழைய முறையில் வரி 60,000, அதன்மேல் 4 விழுக்காடு செஸ் 2,400. மொத்தம் 62,400. கம்பெனி பிடித்ததும் அதே 62,400. அதாவது கொடுக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். ரீபண்ட் பூஜ்யம் என்பதுதான் சரியான விடை.

இந்தப் பழைய முறையில் வருமானம் 5 லட்சத்துக்குள் வந்துவிட்டால் 87ஏ பிரிவின் தள்ளுபடியில் வரியே இல்லை. ஆக 2,37,500 ரூபாயை எங்கேயாவது மறைக்க வேண்டும். ஏஜென்ட் மறைத்த விதம்: 80ஜிஜிசியில் அரசியல் கட்சிக்கு நன்கொடை 1,50,000. 80டியில் மருத்துவக் காப்பீடு 25,000. 80டிடிபியில் கொடிய நோய்க்கான சிகிச்சை 40,000. 80இ-யில் கல்விக்கடன் வட்டி 22,500. கூட்டிப் பாருங்கள், ஒரு ரூபாய்கூடப் பிசகாது. டிப்ளமோ படித்துவிட்டு நேராக வேலைக்கு வந்த மனுஷனுக்குக் கல்விக்கடன். தேர்தலுக்கு ஓட்டுப் போட ஊருக்குப் போகவே பஸ் காசு பார்க்கிறவர் கட்சிக்கு ஒன்றரை லட்சம் கொடுத்தாராம். 80டிடிபி என்றால் புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு மாதிரி நோய்கள். சிறப்பு மருத்துவரின் சீட்டு வேண்டும். வீட்டில் யாருக்கு என்று என் தங்கச்சி கேட்டாள். நான் என்ன பதில் சொல்வது?

இதெல்லாம் அவர் கண்ணில் படவே இல்லை. ஏஜென்ட் கொடுத்தது ஒரே ஒரு பக்கம், ஒப்புகைச் சீட்டு. அதில் மொத்த வருமானம், கட்டிய வரி, திரும்ப வரும் தொகை இருக்கும். எந்தப் பிரிவில் எவ்வளவு கழித்தார்கள் என்பது இருக்காது. அந்த விவரம் முழு ரிட்டர்னில்தான் இருக்கிறது.

ஆகஸ்டில் பணம் வந்தது. 62,400-ம் சில்லறை வட்டியும். அன்று சாயங்காலமே 12,480 ஏஜென்டுக்கு ஜிபே. “ஆபீஸே ஓகே பண்ணிடுச்சு பாத்தீங்களா?” என்றாராம். வருமான வரி ஆபீஸ் ஒன்றையும் ஓகே பண்ணவில்லை. முதல் சுற்றில் பார்ப்பது பெங்களூரில் உள்ள மையத்தின் கம்ப்யூட்டர். கூட்டல் சரியா, டிடிஎஸ் 26ஏஎஸ்ஸோடு (பான் எண்ணில் பதிவான வரிப் பட்டியல்) பொருந்துகிறதா என்று பார்த்து 143(1) என்ற முதல்கட்டச் சரிபார்ப்புத் தகவலை அனுப்பிவிடும். ரசீதைக் கேட்காது. கம்பெனி தாக்கல் செய்த கணக்கில் 80ஜிஜிசி இல்லை, ரிட்டர்னில் மட்டும் இருக்கிறது என்ற முரண் பிறகுதான் கண்ணில் படும். சாதாரணத் தொகைக்கு மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதித்த வருஷத்துக்கு அடுத்த நிதியாண்டு) முடிந்து மூன்றே கால் வருஷம் வரை கோப்பைத் திறக்க முடியும்.

துறையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது, இவருக்குத் தெரியாது. வருமான வரி போர்ட்டலில் தொடர்பு மின்னஞ்சல் ஏஜென்ட் உருவாக்கிய ஏதோ ஒரு ஐடி. 2025-ல் போனுக்கு எஸ்எம்எஸ் வந்தபிறகுதான் விழித்தார். அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதல் தடவை: “அது எல்லாருக்கும் வர்ற மெசேஜ், கண்டுக்காதீங்க.” அடுத்த வாரம்: “ஆடிட்டர் சார் ஊர்ல இல்ல.” அங்கே ஆடிட்டரே கிடையாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்றாவது தடவை: “பதில் போட 3,500 ஆகும்.” நான்காவது தடவைதான் உச்சம்: “கட்சி ரசீது ஒண்ணு ரெடி பண்ணித் தரேன், 5,000 குடுங்க.” பொய்க் கணக்குக்குப் பொய் ரசீது! அதையும் வாங்கியிருந்தால் மாப்பிள்ளை வசமாக மாட்டியிருப்பார். நல்லவேளை அந்த இடத்தில்தான் என்னிடம் வந்தார். நான் போன் பண்ணினேன். “சார், உங்க மாப்பிள்ளை சொன்னதைத்தான் போட்டேன்” என்று வைத்துவிட்டார். இப்போது நம்பர் பிளாக். கடையில் ஃபிளெக்ஸ் இல்லை, ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது.

மாப்பிள்ளை மேல் தப்பே இல்லையா என்றால், இருக்கிறது. கட்டிய வரி மொத்தமும் எப்படித் திரும்பி வரும் என்று அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்கிறது. காதுகுத்துச் செலவு முன்னால் நின்றதும் உறுத்தல் அடங்கிவிட்டது. ஆனால் சட்டம் உறுத்தலையெல்லாம் பார்க்காது. தவறான தகவல் கொடுத்துக் குறைத்த வரிக்கு 270ஏ-யின்படி 200 விழுக்காடு அபராதம். 62,400-க்கு அதுவே 1,24,800. அதற்குப் பயந்துதான் முறையான நோட்டீஸ் வரும் முன்னே புதுப்பித்த ரிட்டர்ன், ஐடிஆர்-யு, போட்டோம். வாங்கிய 62,400-ஐத் திருப்பினோம். 2023 ஏப்ரல் முதல் 2025 செப்டம்பர் வரை 30 மாதத்துக்கு மாதம் ஒரு விழுக்காடு வட்டி, பதினெட்டாயிரத்து எழுநூறு. இரண்டையும் சேர்த்த தொகையில் பாதி கூடுதல் வரி, நாற்பதாயிரத்து ஐந்நூறு. ஏஜென்ட் தின்ற 12,480. இப்படித்தான் 72 ஆயிரம்.

இது ஒரு கடையின் கதை இல்லை. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை இந்த மாதிரி இடைத்தரகர்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை போட்டது, தமிழ்நாடும் அதில் உண்டு. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் 40 ஆயிரம் பேர் 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள் என்று துறையே சொன்னது. 2025-ல் வந்த படிவத்தில் 80டிக்குக் காப்பீட்டு நிறுவனமும் பாலிசி எண்ணும், 80இ-க்குக் கடன் கணக்கு எண்ணும் கேட்கிறார்கள். நன்கொடைக்குப் பணம் போன பரிவர்த்தனை எண் 2024-லேயே வந்துவிட்டது. வெறும் எண்ணைத் தட்டிவிட்டுப் போகிற வசதி போய்விட்டது. இனிமேல் போலி எண்களைத் தட்டுவார்கள், அவ்வளவுதான்.

நிறைய எழுத நினைத்தேன், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவசரமாகச் சில:

போர்ட்டலில் உங்கள் பான் போட்டு நீங்களே உள்ளே போங்கள். சுயவிவரத்தில் மின்னஞ்சலும் மொபைலும் உங்களுடையதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் பகுதியில் போய் ஒப்புகை வேண்டாம், முழுப் படிவத்தை இறக்கி, ஃபார்ம் 16 பகுதி ‘பி’-யைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு எண்ணாக ஒப்பிடுங்கள். கழிவுகள் பக்கம்தான் முக்கியம்.

ஓடிபி சொல்வதற்கு முன் அந்தப் படிவத்தைக் கேளுங்கள். தராவிட்டால் சொல்லாதீர்கள்.

ரிட்டர்ன் போட 500, 1,000 என்று நிலையான கூலி வாங்குகிறவரிடம் போங்கள். ரீபண்டில் பங்கு கேட்கிறவருக்கு ரீபண்டைப் பெருக்குவதுதான் தொழில்.

பொய் இருந்தால் உடனே ஐடிஆர்-யு. மதிப்பீட்டு ஆண்டு 2023-24-க்குக் கூடுதல் வரி 50 விழுக்காடு என்பது 2026 மார்ச் 31 வரைதான், பிறகு 60. 2024-25-க்கு அதே தேதி வரை 25. 2025-ல் இருந்த விதிப்படி, மதிப்பீட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

மாப்பிள்ளை வேலை பார்க்கும் லைனில் அதே ஏஜென்டிடம் போனவர்கள் பதினெட்டுப் பேர். இன்று காலை வரை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இரண்டு பேர். மிச்சப் பேர் “நமக்கெல்லாம் வராது” என்கிறார்களாம். அந்த இரண்டு பேருக்கும் 80ஜிஜிசியில் அதே 1,50,000 இருக்கிறது.