டி90, ஒரு 35 மி.மீ. லென்ஸ், செங்கோட்டைக் கணவாய்: பதினைந்து வருடத்துக்கு மேலான அனுபவம்

நிக்கான் டி90 கேமராவை 2009 டிசம்பரில் வாங்கினேன். கூட வந்த ஜூம் லென்ஸை ஆறே மாதத்தில் ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டு 35 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டினேன். அன்று மாட்டியதுதான், இன்று வரைக்கும் அதே லென்ஸ். இடையில் பல மாதங்கள், ஒருமுறை ஒரு வருடத்துக்கும் மேலாக, கேமரா பீரோவுக்குள் கிடந்தது. அந்த இடைவெளிகளையும் சேர்த்துத்தான் இந்த அனுபவத்தை எழுதுகிறேன். கேமரா வாங்கின புதிதில் எழுதுவதற்கும் இவ்வளவு காலம் கழித்து எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவின் ஊர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் உள்ள புனலூர். சின்ன வயதில் லீவு விட்டால் மீட்டர் கேஜ் ரயிலில் மலை ஏறி ஆச்சி வீட்டுக்குப் போவோம். குகை வருவதற்கு முன்பே பெட்டியில் உள்ள பிள்ளைகள் எல்லாம் கத்த ஆரம்பித்துவிடும். 1904இல் திறந்த பாதை அது. செங்கோட்டை, பகவதிபுரம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, இடமண், புனலூர் என்று சுமார் 50 கிலோமீட்டர். அகலப் பாதையாக மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு வந்தபோது, அதற்குள் ஒரு வருடம் முழுக்க இந்த ரயிலைப் படம் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். வெயில், சாரல், ஐப்பசி மழை, மார்கழிப் பனி என்று எல்லாக் காலத்திலும் எடுப்பதாகத் திட்டம். கேமரா வாங்கியதே அதற்குத்தான்.

2010 செப்டம்பரில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். என் கையில் ஒன்பது மாதப் படங்கள் இருந்தன. அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்தவை மட்டும்தான். ஐப்பசி மழையில் ஒய்டிஎம்4 டீசல் எஞ்சின் புகை விட்டுக்கொண்டு வளைவில் திரும்பும் படத்தை மனசுக்குள் பல தடவை எடுத்து வைத்திருந்தேன். அது நடக்கவே இல்லை. ரொம்ப வருத்தப்பட்டேன். மூன்று மாதம் கேமராவைத் தொடவில்லை.

மறுபடி தொட வைத்தது ஒரு கீமேன் அண்ணாச்சி. தண்டவாளத்தைத் தினமும் நடந்து பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்து வைக்கும் கீ தளர்ந்திருந்தால் சுத்தியலால் தட்டி இறுக்குவது அவர் வேலை. ரயில் ஓடிய காலத்தில் அவரை இரண்டு மூன்று படம் எடுத்திருந்தேன். அதில் ஒன்றைப் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி வெகுநேரம் பார்த்தார். "ரயில் இல்லைன்னாலும் பாதை கெடக்குல்லா தம்பி, அதை எடுங்க" என்றார். சரி என்று அதற்கு அடுத்த ஞாயிறே கிளம்பினேன். புல் ஏறிய பிளாட்பாரம், டிக்கெட் கவுன்டரில் கூடு கட்டிய குளவி, அப்புறம் தண்டவாளத்தைக் கழற்றி அடுக்கி வைத்த நாள், 1000 மி.மீ. பாதை கிடந்த இடத்தில் 1676 மி.மீ. பாதைக்காக மலையை வெட்டிய நாள் என்று வேலை தானாக வேறு வடிவம் எடுத்தது.

அப்போதுதான் ஒரு நோட்டும் போட்டேன். மரக்கடையில் கிடக்கும் நீளமான கணக்கு நோட்டு. நான் நின்று எடுக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நம்பர். ஏழாம் இடம் என்றால், கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்துக்கு எதிரே, ரோட்டோர மதகுச் சுவரில் முழங்காலை ஒட்டி நின்று, பாலத்தின் மூன்றாவது கண் படத்தின் நடுவில் வர வேண்டும். இந்த மாதிரி மொத்தம் இருபத்தி இரண்டு இடங்கள். ஒரே லென்ஸ் என்பதால் ஜூம் எவ்வளவு வைத்தேன் என்று எழுதி வைக்கும் வேலை இல்லை. கால் நின்ற இடம் தெரிந்தால் போதும், பத்து வருடம் கழித்தும் அதே படத்தைத் திரும்ப எடுக்கலாம். டி90இன் சென்சார் அளவுக்கு 35 மி.மீ. என்பது பழைய பிலிம் கேமராவில் 50 மி.மீ. பார்ப்பது போலப் பார்க்கும். லென்ஸின் எடை கிட்டத்தட்ட 200 கிராம்தான். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், திரும்பும்போது இரண்டு படம் எடுத்துவிட்டு வரலாம். பெரிய லென்ஸாக இருந்திருந்தால் இத்தனை வருடம் ஓட்டியிருக்க மாட்டேன் என்பது நிச்சயம்.

2012இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பதினான்கு மாதம் கேமராவைத் துணிப்பையில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டேன். அதற்குள் இரண்டு சாரல் காலம் வந்து போயிருந்தது. எங்கள் ஊர்க் காற்றைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கணவாய் வழியாக ஈரத்தை அப்படியே இந்தப் பக்கம் கொண்டுவந்து கொட்டும். குற்றாலத்துக்கு அது சீசன். வீட்டுக்குள் தீப்பெட்டிகூட நமுத்துப் போகும்.

அப்பா கம்பு ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகு ஒருநாள் இரவு லென்ஸைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதிலிருந்து நாலா பக்கமும் மயிரிழை மாதிரி கிளைகள். சிலந்தி வலையை ஊசியால் கீறி வரைந்தது போல இருந்தது. பூஞ்சை. துடைக்கலாம் என்று பார்த்தால் அது வெளியே இல்லை, உள்ளே. மனசு உடைந்துவிட்டது. வெளியூரில் ஒரு ரிப்பேர்க் கடையில் கொடுத்து ஏழு வாரம் காத்திருந்து வாங்கினேன். பூஞ்சை போனது. ஆனால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடி மேல் உள்ள பூச்சை அரித்துவிடும். அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. எதிர்வெயிலில் எடுத்தால் படத்தின் ஒரு மூலை லேசாக வெளுக்கும். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது.

அன்றிலிருந்து கேமராவும் லென்ஸும் ரப்பர் வளையம் போட்டு இறுக்கி மூடும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில்தான் இருக்கின்றன. உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40க்கும் 50க்கும் நடுவில் முள் நின்றால் நிம்மதி. 60ஐத் தாண்டினால் பயம்தான். நீல நிற ஜெல் ரோஸ் ஆனதும் வாணலியில் போட்டு மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும் (சமையலுக்கு எடுக்காத தனி வாணலி வேண்டும், ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்). துணிப்பை, தோல்பை இரண்டுமே ஈரத்தைப் பிடித்து வைப்பவை. கேமராவைக் கொண்டுபோக மட்டும்தான் பை.

அந்தப் பதினான்கு மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. பேட்டரி போடாமல் மாதக்கணக்கில் வைத்தால் கேமராவின் உள்கடிகாரம் நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் எடுத்த முந்நூறு படங்களில் தேதி பழைய வருடத்துக்குப் போய்விட்டது. நோட்டில் நாளும் இடமும் எழுதியிருந்ததால் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்துச் சரிசெய்தேன்.

2015இல் விழுந்த அடி எல்லாவற்றையும் விடப் பெரியது. படங்கள் எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒரு காலையில் டக் டக் என்று சத்தம் போட்டு நின்றது. இன்னொரு பிரதி எடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன், செய்யவில்லை. 2010 முதல் 2013 வரையிலான படங்கள் போய்விட்டன. ரயில் ஓடிய ஒன்பது மாதமும் அதில்தான் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

என் மனைவிதான் கேட்டாள், "பிரிண்ட் போட்டு ஊரெல்லாம் கொடுத்தீங்களே, அதெல்லாம் என்ன ஆச்சு?"

ஆரியங்காவில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். செங்கோட்டையில் பிறந்து மலைக்கு மேலே வாக்கப்பட்டவர். என்னிடம் தமிழ், வாடிக்கையாளரிடம் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். பால் சட்டிக்கு மேலே, ஐயப்பன் படத்துக்குப் பக்கத்தில் நான் கொடுத்த படம் மாட்டியிருந்தது. ரயில் ஜன்னலுக்குள் டீ கிளாஸை நீட்டும் அவர் கை, உள்ளேயிருந்து வாங்கும் ஒரு பெரியவரின் கை, இரண்டுக்கும் நடுவில் ஆவி. கண்ணாடிச் சட்டத்துக்குள்ளும் ஐந்து வருட அடுப்புப் புகை புகுந்து ஓரமெல்லாம் தேயிலை நிறமாகியிருந்தது. "கழட்டிக்கோ தம்பி, ஆனா இன்னிக்கே திருப்பி மாட்டிரணும்" என்றார்.

கடை வாசல் நிழலில் ஒரு ஸ்டூலில் படத்தைக் கிடத்தி, கேமராவை அதற்கு நேராகக் கீழே பார்க்கப் பிடித்து எடுத்தேன். கண்ணாடியில் என் முகம் தெரிந்ததால் அக்காவின் கறுப்புக் குடைத்துணியை எனக்குப் பின்னால் பிடிக்கச் சொன்னேன். இந்த லென்ஸ் 30 செ.மீ. வரைக்கும் நெருங்கி ஃபோகஸ் ஆகும். 6க்கு 8 அங்குலப் படம் கிட்டத்தட்ட கேமரா ஃபிரேம் நிறைய வந்துவிடும். அப்படியே கீமேன் அண்ணாச்சி வீடு, பகவதிபுரத்தில் இரண்டு வீடு, புனலூரில் மாமா வீடு என்று ஏறி இறங்கி நாற்பத்தி ஒரு படங்களைத் திரும்பச் சேர்த்தேன். மூலப் படத்தின் தரம் கிடையாது. ஆனால் எண்ணெய்க் கறை, பின் குத்திய ஓட்டை, பிள்ளைகள் பேனாவால் கிறுக்கிய மீசை எல்லாமே இப்போது அந்தப் படத்தோடு சேர்ந்துவிட்டன. நான் அவற்றைத் துடைக்கவில்லை.

இப்போது மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன், ஒன்று புனலூரில் மாமா வீட்டில். வருடத்துக்கு இருபது படமாவது பிரிண்ட் போட்டு, படத்தில் இருப்பவர்களுக்கே கொடுக்கிறேன். 12.3 மெகாபிக்சல் இன்றைக்குக் குறைவாகத் தெரியலாம். 12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், வெட்டாமல் முழுப் படமாகப் போட்டால் அழகாகவே இருக்கிறது.

2018இல் ரயில் திரும்ப வந்தது. பதிமூணு கண் பாலத்தை இடிக்காமல் பலப்படுத்தி, அதன் மேலேயே அகலப் பாதை போட்டிருந்தார்கள். மகளை மடியில் வைத்துக்கொண்டு போனேன். குகைக்குள் நுழைந்ததும் அவளும் கத்தினாள். நான் ஒரு படமும் எடுக்கவில்லை, அவளைப் பிடித்துக்கொள்ளவே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

2020இல் புளியரைக்கு அப்பால் போக முடியாமல் எல்லை அடைத்துக் கிடந்தபோது, இருபத்தி இரண்டு இடங்களில் பதினாறு கேரளாவுக்குள் மாட்டிக்கொண்டன. சும்மா இருக்கப் பிடிக்காமல் பிரானூரை எடுக்க ஆரம்பித்தேன். பரோட்டாக் கடைகளுக்குப் பேர் போன இந்த இடத்தை இன்றைக்கும் 'பார்டர்' என்றுதான் சொல்கிறோம். செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் எல்லை அங்கேதான் இருந்தது. 1956 நவம்பரில் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் எல்லை மலைக்கு ஏறிவிட்டது, பெயர் மட்டும் கீழேயே தங்கிவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத பார்டரில், கவிழ்த்துப் போட்ட பரோட்டாக் கல்லை எடுத்த படம் இந்தத் தொகுப்பிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது.

பழைய டி90 வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை, ஒரு படத்தின் தகவலை வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்ட ஷட்டர் இது. என்னுடையது 61,000ஐத் தாண்டியும் நன்றாக ஓடுகிறது. லென்ஸை வாங்கும் முன் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பாருங்கள், கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் பாருங்கள். 32 ஜிபிக்கு மேல் உள்ள கார்டு வாங்க வேண்டாம். இருட்டில் ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவை) 1600 வரைக்கும் தைரியமாக வைப்பேன், 3200இல் குருணை தெரியும். மழைநீர் உள்ளே போகாமல் தடுக்கும் அடைப்பு இந்தக் கேமராவில் கிடையாது, சாரலில் எடுக்கும்போது நான் குளியலறைத் தொப்பி ஒன்றை மேலே மாட்டிவிடுவேன். வேகமாக ஓடும் குழந்தையையோ பறவையையோ எடுப்பதுதான் முக்கியம் என்றால் புதிய கேமரா பாருங்கள். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்கு இது போதும். இன்னொன்று, ரயில் ஓடும் பாதையில் இறங்கி எடுப்பது குற்றம், ஆபத்தும்கூட. பாலத்தை ரோட்டிலிருந்தே நன்றாக எடுக்கலாம்.

இந்த ஆடியில் ஏழாம் இடத்துக்கு மறுபடி போனேன். பாதை மின்மயமாகிவிட்டது. மதகுச் சுவரில் முழங்காலை ஒட்டி நின்று பார்த்தால் மூன்றாவது கண்ணுக்கு நேர் மேலே ஒரு மின்கம்பம். சற்று இடதுபக்கம் தள்ளி நின்றால் கம்பம் மறையும், ஆனால் பழைய படத்தோடு பொருந்தாது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. மகள் குடையைப் பிடித்திருந்தாள். நின்ற இடத்திலேயே நின்று எடுத்துவிட்டு நோட்டில் எழுதினேன்: "ஏழாம் இடம். கம்பம் வந்திருக்கிறது. இடம் மாற்றவில்லை."