பன்ட்ரி கபேட் வாங்கப் போகிறீர்களா? பின்பக்க விளிம்பைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் பன்ட்ரி கபேட் செட் வாங்கி, பெயின்ற் அடிப்பதையும் பூட்டுவதையும் தாங்களே செய்ய நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை, ஆனால் நடந்தது முழுவதும் உண்மை.

எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபா மானியத்தில் எழும்பிய வீடு. அந்தக் காசுக்குக் குசினி வெறும் பூச்சோடு நின்றுவிட்டது. இப்போதுதான் அதற்குக் கை வைத்தோம், ஓடாவிக்கும் பெயின்ற்காரருக்கும் போகிற கூலியை மிச்சம் பிடித்து நல்ல பலகையாகப் போடுவோம் என்பதுதான் எண்ணம்.

கடையில் காட்டியது நாலு விளிம்பிலும் பட்டி (வெட்டிய ஓரத்தை மூடி ஒட்டும் நாடா) ஒட்டிய, ஈரம் தாங்கும் மரத்தூள் பலகை. "தங்கச்சி, தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்டும் ஆகாது" என்றார் கடைக்காரர். முழுக் காசையும் வாங்கிக்கொண்டு பட்டா லொறியில் ஏற்றி அனுப்பியதோ வேறு பலகை. முன்னுக்குத் தெரிகிற விளிம்பில் மட்டும் பட்டி. அடியிலும் பின்பக்கத்திலும் சிங்க் வைக்க வெட்டிய இடத்திலும் வெறும் மரத்தூள், விரலால் உரசினால் துகள் கொட்டுகிறது. உடனே போன் எடுத்துக் கேட்டதற்கு, "அது சுவர்ப்பக்கம்தானே, ஆர் பாக்கப் போகினம், பூட்டுங்கோ" என்ற பதில், திருப்பி எடுக்கவும் மாட்டார்களாம். வேறு வழியில்லாமல் அப்படியே பூட்டினோம்.

நாங்கள் எல்லாரும் குசினியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற ஆட்கள், அந்தத் தண்ணீர் முதலில் போவது அந்த அடிவிளிம்புக்குத்தான். மாரி மழையோடு அடிப்பலகை ஊதி, கதவு இறங்கி, பிணைச்சலின் திருகாணி பிடிப்பில்லாமல் சும்மா சுற்றுகிறது. ஊதிய மரத்தூள் பலகை காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. நடுப்பாகம் பச்சையாக இருந்தால் நல்ல பலகை என்று சொல்லி விற்கிறார்கள், அதையும் அப்படியே நம்பாதீர்கள், பச்சை வெறும் சாயம்.

இன்னொன்று. கபேட்டுக்கும் சுவருக்கும் இடையில் வரும் இடைவெளியை அடைக்க அதே கடையில் சிலிக்கன் தந்து, மேலே பெயின்ற் அடிக்கலாம் என்றார்கள். சாதாரண சிலிக்கனில் பெயின்ற் பிடிக்கவே பிடிக்காது. அடிக்க அடிக்கக் கண்கண்ணாகப் பிரிந்து நிற்கிறது, காய்ந்ததும் தோலாக உரிகிறது. அதைச் சுரண்டி முழுவதும் எடுக்காமல் வேறு எதைப் பூசினாலும் நிற்காது, சுரண்டும்போது சுவரின் புதுப் பெயின்றும் சேர்ந்து போகிறது. சுவரோரத்துக்குப் பெயின்ற் ஏற்கும் அக்ரிலிக் ஃபில்லர் என்று கேட்டு வாங்குங்கள், சிலிக்கன் சிங்க் ஓரத்துக்கு மட்டும். சுவருக்கு ஒரு கோட் அடித்து, கபேட்டைப் பூட்டி, இடைவெளியை அடைத்து, கடைசிக் கோட்டை அதற்குப் பிறகு அடித்தால் விளிம்பு சுத்தமாக வரும்.

இப்படிப்பட்ட பலகை ஏற்கனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? பூட்ட முன்னமே வெட்டுவாய் எல்லாவற்றுக்கும் வார்னிஷ் இரண்டு மூன்று தடவை இழுத்து விடுங்கள், சிங்க் வெட்டுக்கும் சேர்த்து. கால் வைத்து நிலத்திலிருந்து உயர்த்துங்கள், கறையானுக்கும் அது நல்லது.

கடைக்காரர் இப்போது சொல்வது, "நீங்களே பூட்டினது, நாங்கள் பொறுப்பில்லை." பில்லில் 'பன்ட்ரி செட்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், பலகை என்ன வகை என்று ஒரு சொல் இல்லை. வாங்கும்போதே பலகையின் வகை, தடிப்பு, எத்தனை விளிம்புக்குப் பட்டி என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டத்திலேயே இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஊதிய பலகையின் படங்களோடும் பில்லோடும் என்னுடையதை எழுதி முடித்துவிட்டேன், திங்கட்கிழமை அதைக் கொடுக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போகிறேன்.