சியுரானாவின் பாறையும் தாரகோனாவின் மனிதக் கோபுரமும்: ஒரு வழிகாட்டிப் பயணத்தின் மதிப்புரை

ஸ்பெயினின் கட்டலோனியாவில் பாறையேற்றத்தையும் திருவிழாவையும் ஒரே பயணத்தில் சேர்த்து ஏற்பாடு செய்து தரும் ஒரு சிறு வழிகாட்டி நிறுவனத்தோடு, சென்ற செப்டம்பரில் நானும் என் தங்கையும் ஏழு நாள்கள் சென்று வந்தோம். கோர்னுதேல்யா என்ற சிற்றூரில் தங்கி, அருகிலுள்ள சியுரானாவில் பாறையேறிவிட்டு, 23-ஆம் தேதி தாரகோனா நகரில் புனித தெக்லா திருவிழாவைக் காண்பதுதான் திட்டம்.

சியுரானா, நீர்த்தேக்கம் ஒன்றின்மீது எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை முகட்டின் உச்சியில் அமைந்த சின்னஞ்சிறு கிராமம்; கட்டலோனியாவில் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்த கடைசிக் கோட்டை இதுவே, 1153-இல்தான் வீழ்ந்தது. 2003-இல் ரமோன் ஜூலியான் முழுமையாக ஏறிமுடித்த, மிகக் கடினமான 9ஏ+ தரத்திலான (எண் கூடக்கூடக் கடினமும் கூடும்) 'லா ரம்ப்லா' என்ற புகழ்பெற்ற தடமும் இங்கேதான் இருக்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு 5, 6ஏ தரத் தடங்களே போதுமானவை. ஆனால் அவற்றிலும் பிடிகள் சிறியவை, கூர்மையானவை, இரண்டாம் நாளே விரல்நுனித் தோல் எரியத் தொடங்கிவிடும். செப்டம்பர் வெயில் கடுமையாக இருந்ததால் வழிகாட்டி விடிந்ததும் எங்களை அழைத்துச் சென்று, வெயில் ஏற ஏற நிழலிலுள்ள பாறை முகங்களுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் எங்கள் முடிச்சையும் ஹார்னஸ் எனப்படும் இடுப்புப் பட்டையின் கொக்கியையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஏற விட்டார். பாறையேற்றப் பகுதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தச் சேவையை நான் உளமாரப் பரிந்துரைப்பதற்குக் காரணம், திருவிழாவுக்கு முந்தைய ஒரு மாலையில் மனிதக் கோபுரக் குழு ஒன்றின் ஒத்திகைக்கு எங்களை அழைத்துச் சென்றதுதான். ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி நின்று எழுப்பும், 'காஸ்தெல்' எனப்படும் இந்தக் கோபுரங்களை யுனெஸ்கோ 2010-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஏறுபவர்கள் இடுப்பில் சுற்றும் 'ஃபாஷா' என்ற நீண்ட கறுப்புத் துணி, முதுகுக்கு முட்டுக்கொடுப்பதோடு மேலே ஏறுபவருக்குக் காலூன்றும் படியாகவும் ஆகிறது. ஒரு மூதாட்டி அதன் முனையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, நான் சுழன்று சுழன்று என் இடுப்பில் அதைச் சுற்றிக்கொண்டேன். பிறகு 'பின்யா' எனப்படும் அடித்தளக் கூட்டத்தில் எங்களையும் நிறுத்தினார்கள். கைகளை முன்னிருப்பவரின் முதுகில் பதித்து, முகவாயை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து நிற்க வேண்டும். மேலே ஆள் சரிந்தால் கழுத்து முறியக்கூடும் என்பதால் அண்ணாந்து பார்க்கவே கூடாது. பாறையடியில் கயிறு பிடிப்பவருக்கோ, ஏறுபவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்பது விதி. நான்கு நாள்களாக அண்ணாந்தே பழகிய கழுத்து, தலைக்கு மேல் ஆள்மேல் ஆளாக ஏறிக்கொண்டிருந்தபோது குனிந்தே இருக்க எவ்வளவு தவித்தது என்பதை என்னால் மறக்க முடியாது. கோபுரம் நிறைவடைந்ததன் அடையாளமாக உச்சிக்கு ஏறிய குழந்தை கையைத் தூக்கிவிட்டாள் என்பதைக் கிரால்யா குழலின் இசை மாறியதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

திருவிழா நாள் ஏற்பாட்டில்தான் நிறுவனம் சறுக்கியது. தாரகோனாவின் நான்கு குழுக்களும் ஃபோந்த் சதுக்கத்தில் மாறி மாறிக் கோபுரம் எழுப்புவதற்குப் பல மணி நேரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் திரும்பும் வேனைப் பிற்பகல் இரண்டரை மணிக்கே வைத்திருந்தார்கள். பாதியில் எழுந்துவர மனமின்றி நாங்கள் தங்கிவிட்டோம். பின்னர் ரேயுஸ் வரை ரயிலிலும், அங்கிருந்து கைக்காசில் டாக்சியிலும் கோர்னுதேல்யா திரும்ப வேண்டியதாயிற்று. மின்னஞ்சலில் முறையிட்டபோது வருத்தம் தெரிவித்தார்களே தவிர, டாக்சிக் கட்டணத்தைத் தரவில்லை.

உணவு குறித்து ஒரு சொல்: இத்திருவிழாவின் பாரம்பரிய உணவு சூரைமீனும் சிறு நத்தைகளும் சேர்ந்த குழம்பு. சைவர்களுக்குத் தக்காளி தேய்த்த ரொட்டியும், சுட்ட கத்தரிக்காய், குடைமிளகாயும் கிடைக்கும்.

முன்பதிவு செய்பவர்கள் 23-ஆம் தேதி இரவைத் தாரகோனாவிலேயே கழிக்கும்படி திட்டத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். மறுநாள், ஒருவர் தோள்மீது ஒருவராக நிற்கும் நான்கு அடுக்குத் தூண், பேராலயப் படிகளில் இறங்கி நகர மன்றம் வரை நடந்தே செல்லும். கோர்னுதேல்யாவில் பெட்டி கட்டிக்கொண்டிருந்ததால் நாங்கள் அதைத் தவறவிட்டோம்.