16-லிருந்து 32 ஜிபி ரேம்: ஒன்றரை வருட அனுபவம்

என் டெஸ்க்டாப்பில் 8 ஜிபி ஸ்டிக் இரண்டு, ஆக 16 ஜிபி டிடிஆர்4 ரேம் இருந்தது. வீடியோ எடிட்டிங்குக்கு அது போதவில்லை. அதே மாடலில், அதே 3200 வேகத்தில் இன்னொரு ஜோடி வாங்கி, காலியாக இருந்த இரண்டு ஸ்லாட்டிலும் போட்டேன். பயாஸில் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை நிரல்) எக்ஸ்எம்பி, அதாவது ரேமை அதன் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தில் ஓட்டும் வசதி, ஏற்கெனவே ஆனில் இருந்தது. 32 ஜிபி என்று காட்டியது. சரி, வேலை முடிந்தது என்று கேபினட்டை மூடிவிட்டேன். அதன் பிறகு இரண்டு மாதம் பட்ட பாட்டைத்தான் விவரமாகச் சொல்லப்போகிறேன். ரேமில் பிரச்சினை வந்தால் அது ரேம் பிரச்சினை மாதிரியே தெரிவதில்லை.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் பிரவுசரில் ஏதாவது ஒரு டேப் மட்டும் திடீரென்று மூடிக்கொள்ளும். பெரிய ஜிப் ஃபைலைப் பிரித்தால், ஃபைல் சிதைந்திருக்கிறது என்று சொல்லும் சிஆர்சி பிழை வரும். அதே ஃபைலை மறுபடி பிரித்தால் ஒழுங்காகப் பிரியும். விண்டோஸ் முடங்கும்போது வரும் நீலத்திரையும் வந்தது. ஒருநாள் ‘மெமரி மேனேஜ்மென்ட்’ என்றது, மறுநாள் கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயரைச் சொன்னது. நான் டிரைவரைச் சந்தேகித்து மூன்று முறை மாற்றினேன். விண்டோஸையே புதிதாகப் போடப் போனால், ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று பாதியில் நின்றுவிட்டது. செய்தி ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருந்ததுதான் முக்கியமான தடயம். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடிக்கும்.

விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் பிழை எதுவும் இல்லை என்றது. அதை நம்பியதில் மூன்று வாரம் போனது. கடைசியில் மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரலை பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிட்டேன். முதல் சுற்று சுத்தமாக முடிந்தது. இரண்டாவது சுற்றில் சிவப்பு வரிகள் வர ஆரம்பித்தன. வர வேண்டிய மதிப்பும் வந்த மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த நீளமான எண்ணில் ஒரே ஒரு இலக்கம்தான் வேறு. ஒரு பிட் புரண்டிருந்தது, அவ்வளவுதான். என் இரண்டு மாதத்தைத் தின்றது அதுதான் என்று தெரிந்தபோது கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

அடுத்து ஒவ்வொரு ஸ்டிக்காகக் கழற்றிச் சோதித்தேன். தனித்தனியாக நான்கும் தேறின. பழைய ஜோடி மட்டும், புதிய ஜோடி மட்டும் என்று போட்டாலும் தேறின. நான்கையும் சேர்த்து 3200-இல் ஓட்டினால் மட்டும் பிழை. எக்ஸ்எம்பியை அணைத்து 2133-க்கு இறக்கினால் பிழை இல்லை. ஆக, எந்த ஸ்டிக்கும் பழுதில்லை, சேர்க்கைதான் ஒத்துவரவில்லை. சிபியு-இசட் கருவியில், ஸ்டிக்கின் விவரங்களைக் காட்டும் எஸ்பிடி பக்கத்தைப் பார்த்தபோது காரணம் புரிந்தது. மாடல் எண் ஒன்றாக இருந்தும் உள்ளே இருந்த சிப்கள் வேறு: பழைய ஜோடி இரட்டை ரேங்க், புதியது ஒற்றை ரேங்க் (ரேங்க் என்பது ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சிப்களின் தொகுதி). ஒரே சேனலில், அதாவது சிபியுவுக்கும் ரேமுக்கும் இடையிலான ஒரே பாதையில், இரண்டு ஸ்டிக் இருந்தாலே சிபியுவுக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்குச் சுமை கூடும். எக்ஸ்எம்பி வேகமோ ஒரே பெட்டியில் ஒரு கிட்டாக விற்கப்படும் ஸ்டிக்குகளுக்குச் சோதித்துத் தரப்படுவது. இரண்டு கிட்டைக் கலந்துவிட்டால் அந்த உத்தரவாதம் இல்லை.

பயாஸை அப்டேட் செய்ததில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. வோல்டேஜை ஏற்றிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, 1.2 வோல்ட் அளவுள்ள டிடிஆர்4-ஐ எக்ஸ்எம்பி ஏற்கெனவே 1.35-இல்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. வேகத்தை 2933-க்குக் குறைத்தேன். நான்கு சுற்று ஓடியும் ஒரு பிழைகூட இல்லை. ஐந்து மாதம் அப்படியே வேலை செய்தேன், எடிட்டிங்கில் வித்தியாசம் எதுவும் உணரவில்லை. பிறகு பழையதை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே கிட்டாக இரண்டு 16 ஜிபி வாங்கினேன். சிபியு பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் அவை இருக்கின்றன. என் போர்டில் ஒரு பக்கம் மட்டும்தான் கொக்கி. மறு முனையைக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தினால்தான் முழுதாக உட்காரும், இதையும் கவனியுங்கள். இப்போது 3200-இல் ஓடுகிறது, பதினோரு மாதமாக ஒரு நீலத்திரைகூட இல்லை.

எனக்கு இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்த இரண்டு மாதத்தில் இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்த புகைப்படங்களில் சில, பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறமாகிவிட்டன. நகலெடுக்கும்போது ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. பெரும்பாலானவற்றுக்கு மூலம் பழைய டிஸ்க்கில் இருந்ததால் பிழைத்தன. முப்பது நாற்பது படங்கள் போனது போனதுதான். அதனால் ரேம் மாற்றியவர்கள் மெம்டெஸ்ட் நான்கு சுற்று முடியும்வரை பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். ஏற்கெனவே பிழை வந்திருந்தால், ரேமைச் சரிசெய்த பிறகு, விண்டோஸின் சிஸ்டம் ஃபைல்களைச் சோதிக்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஒருமுறை ஓட்டுங்கள். என் விண்டோஸில் கெட்டுப்போயிருந்த சிஸ்டம் ஃபைல்களை அதுதான் கண்டுபிடித்துச் சரிசெய்தது.